களியக்காவிளையைத் தாண்டி ஒரு வீடு மாற்றம்

படந்தாலுமூட்டில் பஸ் ஏறினால், கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுத்து முடிப்பதற்குள் களியக்காவிளை, இஞ்சிவிளை தாண்டிப் பாறசாலை வந்துவிடும். இடையில் ஒரு மாநிலம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது. கடைப் பலகையில் எழுத்து மாறுகிறது, பின்கோடு 629-லிருந்து 695-க்குத் தாவுகிறது, தமிழ்நாட்டில் 2003-லேயே ஒழிந்துபோன லாட்டரிச் சீட்டு தட்டியில் தொங்க ஆரம்பிக்கிறது. மற்றபடி அதே ரப்பர், அதே வாழை, அதே செம்மண். பேச்சும் ஏறக்குறைய அதேதான். விளவங்கோடு தாலுகாக்காரர் பேசும் தமிழில் கால்வாசி மலையாளம். நெய்யாற்றின்கரை தாலுகாவின் தென்கோடியில் பேசும் மலையாளத்தில் கால்வாசி தமிழ்.

இந்தத் தூரத்துக்குள் வீடு மாற்றியவர்கள் இங்கே தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். கல்யாணம், பாகப்பிரிவினை, திருவனந்தபுரத்தில் வேலை, வாடகை வித்தியாசம் என்று காரணம் பலது. நாங்களும் சில வருடங்களுக்கு முன் மாற்றினோம். ஒரு டாடா ஏஸ், இரண்டு நடை. காலை ஆறரைக்கு ஏற்றத் தொடங்கி, பதினொன்றுக்குப் புது வீட்டில் பால் காய்ச்சியாயிற்று. அந்த மாற்றத்தின் கடைசிக் காகிதம் கைக்கு வந்தது பதினோராவது மாதம்.

வீடு மாற்றுவதைப் பற்றி அச்சில் வரும் யோசனைகளை வாசித்தால் அட்டைப்பெட்டி, ஒட்டுநாடா, பெட்டிமேல் எண் எழுதுவது, கண்ணாடிச் சாமானைப் பழைய வேட்டியில் சுற்றுவது என்று சாமானைச் சுற்றியே இருக்கும். சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகிறவருக்கு அது சரி. அவருடைய சாமான் ஒரு ராத்திரி முழுக்க லாரியில் குலுங்க வேண்டும். எல்லையோரத்தில் கதை நேர்த் தலைகீழ். இங்கே சாமானுக்கு ஒன்றும் ஆகாது. உடைந்தால் ஒரு குழம்புச் சட்டி உடையும். திட்டம் போட வேண்டியதெல்லாம் ஆளை மாற்றுவதற்குத்தான்: எந்த மாநிலத்து அரிசி, எந்த மாநிலத்துப் பள்ளிக்கூடம், எந்த மாநிலத்து வண்டி, எந்த மாநிலத்து வாக்கு. இந்த நான்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. எதை முதலில் அவிழ்ப்பது என்பதிலேயே பாதிப்பேர் சிக்கிக்கொள்கிறார்கள்.

இந்தச் சாலைக்குக் குடிபெயர்ச்சி புதிதில்லை. 1795-ல் திருவிதாங்கூரின் தலைநகரமே பத்மநாபபுரத்திலிருந்து கிளம்பி இந்த வழியாகத்தான் திருவனந்தபுரம் போயிற்று. கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் காலம் அது. அவருக்கு அடுத்து 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மாவின் நாளில் தமிழ்ப் பக்கத்திலிருந்து சாலியர் நெசவுக் குடும்பங்களைத் தறியோடும் குடியோடும் கொண்டுவந்து அமர்த்தினார்கள். நெய்யாற்றின்கரைக்கு வடக்கே சாலையோரம் இருக்கும் பாலராமபுரமும் அதன் சாலியர் தெருக்களும் அப்படி வந்தவை. ராஜாவே கூப்பிட்டு வீடு மாற்றுவதென்றால் ரேஷன் கார்டு பிரச்சினை இருந்திருக்காது.

தலைநகரம் போனபோது கூடவே போக மறுத்தவை, அல்லது போயும் போகாதவை, மூன்று தெய்வங்கள். நவராத்திரி பூஜை திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகும் பத்மநாபபுரத்து தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை மூவரும் நிரந்தரமாகக் குடிபோகவில்லை. ஆண்டுதோறும் போய், பூஜை முடிந்து திரும்பி வருகிறார்கள். முதல் ராத்திரி குழித்துறை, இரண்டாம் ராத்திரி நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் திருவனந்தபுரம். களியக்காவிளையில் கேரளத்து அதிகாரிகளும் போலீஸும் மரியாதையோடு ஏற்றுக்கொள்கிறார்கள். தங்குமிடம், சுமப்பவர்கள், எல்லையில் ஒப்படைப்பு, திரும்பும் நாள் எல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிட்ட பயணம் அது. வீடு மாற்றத் திட்டம் என்று யாராவது என்னிடம் உதாரணம் கேட்டால் நான் பேக்கர்ஸ் கம்பெனியைக் காட்ட மாட்டேன், இதைக் காட்டுவேன். களியக்காவிளையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கூட்டத்தில் யார் எந்த மாநிலம் என்று பிரிக்கவே முடியாது.

பிரித்தது 1956 நவம்பர் 1. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அந்தப் போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. மாநில மறுசீரமைப்புக்காக அமைந்த பசல் அலி கமிஷன் நெய்யாற்றின்கரையைக் கொடுக்கவில்லை. ஆக, அந்த ஒரு நாளில் யாரும் ஒரு பாயைக்கூடச் சுருட்டாமல் லட்சக்கணக்கானவர்களின் மாநிலம் மாறியது. பத்மநாபபுரம் அரண்மனை இன்னும் ஒரு படி மேல்: நிற்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை.

இனி சாமான். சீக்கிரம் முடித்துவிடலாம். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் அமரவிளையில் வணிகவரிச் சோதனைச் சாவடி இருந்தது. லாரிகள் நிற்கும் வரிசையில் வீட்டுச் சாமான் வண்டியும் நின்று நகர வேண்டும். இப்போது அது இல்லை. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு 2018 ஏப்ரல் முதல் மாநிலம் கடக்க இ-வே பில் வேண்டும். ஆனால் விதியிலேயே விலக்குப் பட்டியல் ஒன்று உண்டு, அதில் பயன்படுத்திய சொந்த, வீட்டு உபயோகப் பொருட்கள் இருக்கின்றன. ‘பயன்படுத்திய’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மார்த்தாண்டத்தில் முந்தின நாள் வாங்கி, பெட்டிகூடப் பிரிக்காத ஃபிரிட்ஜை அந்தச் சொல்லுக்குள் அடக்க முடியாது. அதன் பில்லைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு பெர்மிட் கேட்பதில்லை. சின்ன யானை என்று நாம் செல்லமாகக் கூப்பிடும் டாடா ஏஸ் இந்தப் பக்கம் இவ்வளவு ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். பெரிய லாரி பிடித்தால் நேஷனல் பெர்மிட் உண்டா, மறுமாநில வரி யார் கணக்கு என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே டிரைவரிடம் கேட்டுவிட வேண்டும். மதுவிலக்குப் போலீஸ் பார்க்கிற சாமான் வேறு. அலமாரியின் பின்புறம் துணிக்குள் சுற்றி வைத்த பாட்டிலை எந்த விதியும் வீட்டு உபயோகப் பொருள் என்று ஏற்றுக்கொள்ளாது.

கேஸ் சிலிண்டரை ஏற்றவே கூடாது. பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கூடவே டிரான்ஸ்பர் வவுச்சரையும் வாங்க வேண்டும். புது ஊர் ஏஜென்சி அதைப் பார்த்துத்தான் இணைப்புக் கொடுக்கும். அந்த வவுச்சரை நாங்கள் பத்திரமாக அரிசி டின்னுக்குள் போட்டுவைத்தோம். எந்த அரிசி டின் என்று கண்டுபிடிக்க நாலு நாள் ஆயிற்று. நாலு நாளும் எதிர்வீட்டுக்காரி கொடுத்த விறகடுப்பில் கஞ்சி.

எல்லை தாண்டி வீடு மாற்றுகிறேன் என்று சொன்னதும் தமிழ்நாட்டுப் பக்கத்தில் கேட்கும் முதல் கேள்வி, “யூணியன்காரன் விடுவானா?” நோக்குகூலிப் பயம். சுமை இறக்காமல், இறக்குவதைப் பார்த்து நின்றதற்கே கூலி. கேரளத்தின் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் 1978-ஆம் ஆண்டுச் சட்டம். அன்றாடக் கூலிக்குத் தலைச்சுமை தூக்கியவனுக்குப் பதிவு, நலநிதி வாரியம், நிர்ணயித்த கூலி எல்லாம் அதனால் கிடைத்தன. அந்தச் சட்டத்தில் எங்கும் நோக்குகூலி இல்லை. அது நடைமுறையில் முளைத்த களை. வீட்டுத் தேவைக்காக ஒரு தனிமனிதர் அமர்த்தும் ஆள், சட்டத்தின் ‘சுமட்டுத் தொழிலாளி’ என்ற விளக்கத்துக்குள்ளேயே வர மாட்டார். அதாவது நம் கட்டிலை நாமும் நம் மச்சானும் இறக்கினால் யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை.

சட்டம் அப்படி இருந்தும் நடந்தது வேறு. 2018 ஏப்ரலில் நடிகர் சுதீர் கரமன திருவனந்தபுரத்தில் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குக் கல் வந்திறங்கியபோது நோக்குகூலியாக 25,000 ரூபாய் வாங்கிய செய்தி பெரிதாக வெளிவந்தது. அடுத்த மாதம், மே 1 முதல், மாநில அரசு நோக்குகூலிக்குத் தடை போட்டது. 2021 செப்டம்பரில் தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கு வந்த ராட்சத இயந்திரத்தையே மறித்துக் கூலி கேட்டார்கள். அந்த ஆண்டே நோக்குகூலி கேட்பதைப் பணப்பறிப்புக் குற்றமாக எடுக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றைக்கு ஒரு குடும்பம் தன் சாமானை இறக்கும்போது யாராவது வந்து கேட்டால் போலீசுக்குப் போன் செய்வது போதும்.

எங்கள் வாசலுக்கும் மூன்று பேர் வந்தார்கள். பாதி வண்டி இறங்கியிருந்தது.

“சாரே, எறக்கணோ?”

“வேண்டாம் அண்ணே, வீட்டுச் சாமான். நாங்களே எறக்கிக்கிடுவோம்.”

மூத்தவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். “பீரோ உண்டல்லோ. அது நிங்ஙளைக்கொண்டு ஆவாது.”

உண்மைதான். வீட்டுக்கு எட்டுப் படி, நடுவில் ஒரு திருப்பம். கோத்ரெஜ் பீரோவை இழுத்து நாலாவது படியில் வைத்து நானும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். தொகை பேசினோம். பீரோ, வாஷிங் மெஷின், ஆட்டுரல் மூன்றுக்கு மட்டும். மூத்தவர் துவர்த்தை நாலாக மடித்துச் சும்மாடு கட்டினார். இரண்டாமவர் பீரோவின் அடியில் கயிற்றைக் கொடுத்து ஒரு முடிச்சுப் போட்டார், அந்த முடிச்சை எனக்கு இன்றுவரை போடத் தெரியாது. திருப்பத்தில் பீரோவைச் சுவரில் ஒரு கீறல் விழாமல் செங்குத்தாக நிமிர்த்தித் திருப்பினார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நோக்குகூலியை எதிர்க்கும் ஆவேசத்தில் சுமை தூக்கும் தொழிலையே இளக்காரமாகப் பேசுகிறவர்கள் ஒரு பீரோவைப் படியேற்றிப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

இனிதான் ஆளை மாற்றும் வேலை. என் அனுபவத்திலும், பனச்சமூடு, ஊரம்பு, காரோடு பக்கத்தில் மாறியவர்களிடம் விசாரித்ததிலும், முதலில் தொட வேண்டியது ரேஷன் கார்டு, ஆனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது பள்ளிக்கூடம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்களுக்குத்தான் நஷ்டம்.

தமிழ்நாட்டில் ரேஷன் எல்லோருக்கும் பொது. அரிசி அட்டை இருந்தால் 2011 ஜூன் முதல் அரிசிக்குக் காசில்லை. கேரளத்தில் மஞ்சள், பிங்க், நீலம், வெள்ளை என்று நான்கு நிறம், நிறத்துக்குத் தக்க அரிசி, நிறத்துக்குத் தக்க விலை. புதிதாக வருபவர் கையில் பெரும்பாலும் முதலில் வெள்ளைதான் விழும். முன்னுரிமைக்குத் தனியாக மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். அது உணவுப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ள முன்னுரிமைக் கார்டுகளுக்கு மட்டும். தற்காலிகமாகப் போய்த் தங்குகிறவருக்கு உதவும், நிரந்தரமாக மாறியவரின் முகவரியை அது மாற்றித் தராது.

குழித்துறையில் வட்ட வழங்கல் அலுவலகத்தில் கார்டை ஒப்படைத்து, அல்லது பெயரை நீக்கி, அதற்கான சான்றை வாங்க வேண்டும். அந்தச் சான்றில்லாமல் நெய்யாற்றின்கரை தாலுகா சப்ளை ஆபீஸில் மனு நகராது. அங்கே இ-சேவை மையம், இங்கே அக்ஷயா மையம். இரண்டு இடத்திலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகள்தான் உண்மையில் இந்த எல்லையை நிர்வாகம் செய்கிறார்கள். எங்கள் பெயரைத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் எழுதியிருந்ததும் மலையாள உச்சரிப்புப்படி எழுதியதும் ஒரு எழுத்து வித்தியாசம். ஒரு அலுவலகம் அந்த ஓர் எழுத்துக்காக எங்களை நாலு தடவை நடத்தியது. ஆதாரில் இருக்கும் எழுத்துக்கூட்டையே எல்லாக் காகிதத்துக்கும் அளவுகோலாக வைத்துக்கொண்டால் இந்த நடை மிச்சம்.

கார்டை ஒப்படைக்கும் நாளில் தமிழ்நாட்டுக் கார்டோடு கட்டியிருந்த மற்றதும் போய்விடும். 2023 செப்டம்பர் 15 முதல் வரும் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் அந்தக் கார்டை வைத்துத்தான். பொங்கல் தொகுப்பும் அப்படியே. எல்லையோரப் பெண்கள் வீடு மாறிய பிறகும் மாமியார் பெயரிலோ அண்ணன் பெயரிலோ உள்ள கார்டில் தொங்கிக்கொண்டிருப்பதற்குச் சோம்பல் காரணமில்லை. கணக்குப் போட்டுத்தான் இருக்கிறார்கள். அது விதிப்படி சரியில்லை. இரண்டு மாநிலத்துப் பட்டியலும் ஆதாரில் ஒட்டும்போது எப்படியும் வெளிவரும். ஆனால் மாதம் ஆயிரம் ரூபாயை விடச் சொல்கிற அறிவுரையை மாதச் சம்பளக்காரனான நான் சொன்னால் யார் கேட்பார்கள்?

பள்ளிக்கூடக் கணக்கு இன்னும் நீளம். தமிழ்நாட்டில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. அதற்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டு. இடையில் ஒரு வருடம் பாறசாலைப் பள்ளியில் சேர்ந்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைத் தயங்காமல் மாற்றலாம், எட்டாம் வகுப்புப் பிள்ளையை மாற்றுமுன் யோசிக்க வேண்டும். மொழியும் சேர்ந்துகொள்கிறது. தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழைக் கட்டாயமாக்கியது, கேரளத்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. பேச்சில் இரண்டையும் கலந்து அடிக்கிற பிள்ளை, பரீட்சைத் தாளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

சாதிச் சான்றிதழ் பற்றி யாரும் வீடு பார்க்கும்போது நினைப்பதில்லை. பட்டியல் சாதியினர் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்தால், போன மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று 1990-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது. பிற்பட்டோர் பட்டியலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. குமரியில் நாடார் என்று ஒரே வரியில் முடிவது, கேரளத்தில் இந்து நாடார், எஸ்.ஐ.யூ.சி. (தென்னிந்திய ஐக்கிய சபை) நாடார் என்று பிரிந்து நிற்கும். மற்றக் கிறிஸ்தவ நாடார்களைச் சேர்ப்பது 2021-ல் நீதிமன்றம் வரை போன வழக்கு. பிள்ளை பிறந்தது எந்தப் பக்கம், அப்பாவின் சான்று எந்தப் பக்கம் என்ற கேள்வி, வாடகைக்கு வீடு பார்த்த நாளில் அற்பமாகத் தோன்றும். காலேஜ் வாசலில்தான் அதன் எடை தெரியும்.

வண்டியின் சங்கதி எளிது, செலவு மட்டும் உண்டு. வேறு மாநிலத்துப் பதிவு எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் ஒரு மாநிலத்தில் வண்டியை வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவு. மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ.வின் டி.என். 75-ஐ, பாறசாலையின் கே.எல். 19 ஆகவோ நெய்யாற்றின்கரையின் கே.எல். 20 ஆகவோ மாற்ற வேண்டும். முதலில் தடையில்லாச் சான்று, அதற்கு முன் லோன் இருந்தால் பாங்கிலிருந்து கடிதம், பிறகு கேரளத்தில் வரி, பிறகு தமிழ்நாட்டில் மீதி வரியைத் திரும்பக் கேட்டு மனு. அந்தப் பணம் வரும் என்று நம்பிக் கடன் வாங்கக் கூடாது. தினமும் நூற்றுக்கணக்கான டி.என். 75 வண்டிகள் பாறசாலையில் ஓடுகின்றன. எது அன்றைக்கு வந்தது, எது அங்கேயே குடியிருப்பது என்று பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். விபத்து ஒன்று நடந்து இன்சூரன்ஸ்காரன் முகவரியைக் கேட்கும்வரை அது ஓடும்.

வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8 போதும். இரண்டு பக்கமும் பெயர் வைத்திருப்பது எல்லையோரத்தில் பழைய பழக்கம், சட்டப்படி குற்றம். 2025 நவம்பர் 4-ல் கேரளம், தமிழ்நாடு இரண்டிலும் ஒரே நேரத்தில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது களியக்காவிளைப் பக்கத்தில் பல குடும்பங்கள் முதல் முறையாக உட்கார்ந்து, நாம் எந்த ஊர் என்று பேசிக்கொண்டன.

நாம் எந்த ஊர் என்ற கேள்வி அதற்கு முன் ஒரு தடவைதான் இவ்வளவு காரமாக வந்தது, 2020 கொரோனா ஊரடங்கில். ஊடுவழிகளில் தடுப்புப் போட்டார்கள். அந்த மே மாதம் வெளியே மாட்டிக்கொண்டவர்கள் கேரளத்துக்குள் வரத் திறந்த ஆறு வாசல்களில் ஒன்று இஞ்சிவிளை. பாஸ் இல்லாமல் நுழைய முடியாது. காய்கறி வாங்கப் போகிற தூரத்துக்கு பாஸ் கேட்ட அந்த வாரங்களில், முகவரியை மாற்றாமல் தள்ளிப்போட்டவர்கள் தங்கள் வீட்டுக்கே வெளியூர்க்காரர் ஆனார்கள்.

நாள் பார்ப்பதில் மட்டும் இரண்டு மாநிலமும் சண்டை போடுவதில்லை. ஆடியும் கர்க்கடகமும் ஒரே மாதம்தான், இரண்டிலும் குடிபோக மாட்டார்கள். ஆவணி, அதாவது சிங்ஙம், பிறந்ததும் சாலையில் சாமான் வண்டிகள் தென்படும். அந்த நாட்களில் டாடா ஏஸ் வாடகை ஏறும், ஓணமும் கல்யாணமும் சேர்ந்து ஆள் கிடைக்காது. ஆடியிலேயே காகிதங்களை முடித்து, ஆவணி முதல் முகூர்த்தத்தில் சாமானை ஏற்றுகிறவர் கெட்டிக்காரர். பிள்ளையை மாற்றுவதாக இருந்தால் இது ஒத்துவராது. பள்ளிக்கூடம் ஜூனில் திறந்துவிடும், டி.சி. மே மாதத்திலேயே கையில் இருக்க வேண்டும்.

அன்று காலை முதலில் உள்ளே போனவை விளக்கு, உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீர். பிறகு என் மனைவி பால் பாத்திரத்தை வைத்தாள். பொங்கி வழிந்தபோது வாசலில் நின்ற அந்த யூணியன்கார அண்ணன் “நல்லா வரட்டே” என்றார். அவருக்கும் ஒரு கிளாஸ் பால்.

எங்கள் ஸ்கூட்டருக்கு கே.எல். 19 எண் வந்தபோது மெக்கானிக் கழற்றிய டி.என். 75 தகடு இப்போது கோழிக்கூட்டின் கதவில் இருக்கிறது. அம்மா இன்னும் படந்தாலுமூட்டில் அண்ணன் கார்டில்தான் இருக்கிறாள். மாறும்போது ஏழாம் வகுப்பிலிருந்த மகளை மாற்றவில்லை. தினமும் காலை ஏழே முக்காலுக்கு அவள் களியக்காவிளை பஸ்ஸுக்கு நிற்கிறாள்.